புலி போடும் நான்கு வேடம்

அதன் பெயர் லேண்டோரஸ். போக்கிமான் விளையாட்டில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசித்திர உயிர்களில் ஒன்று. கதைப்படி அது வயல்களின் காவலன். அது வந்துபோன மண்ணில் விளைச்சல் கொழிக்குமாம். செகிஞ்சான், தஞ்சோங் காராங் நெல்வயல்களைப் பார்த்து வளர்ந்த நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அதைப் பிடித்துப்போக வேண்டும். நடப்பது வேறு. பெஸ்தாரி ஜெயாவில் சனிக்கிழமை மாலைகளில் என்னோடு விளையாடக் கூடும் ஏழெட்டு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், முகம் சுருங்கிவிடும். "சார், அது வந்துட்டா எங்க ஆட்டம் முடிஞ்சிடுது சார்" என்பார்கள்.

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேக் 2, வைட் 2 விளையாட்டுகளில் இந்த லேண்டோரஸுக்குப் புலி போன்ற நான்கு கால் உருவம் ஒன்று கிடைத்தது. அன்று முதல் போட்டி ஆட்டக்காரர்கள் அதிகம் பேசும் உயிர்களில் அதுவும் ஒன்று. 2015-இல் உலகெங்கும் பரவிய ஒரு புகழ்பெற்ற அணிக்கு, அதிலிருந்த ஐந்து உயிர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாக்' என்றே பெயர் வைத்தார்கள். கிரெசீலியா, ஹீட்ரன், அமூங்கஸ், லேண்டோரஸ், கங்காஸ்கான் என்பவை அந்த ஐந்து.

வலுவான உயிர் என்பது மட்டும் இந்தப் பயத்துக்குக் காரணமல்ல. அதைவிட வலுவானவை இந்த விளையாட்டில் உண்டு. லேண்டோரஸ் வந்து நிற்கும்போது அது எந்த வேலைக்காக வந்திருக்கிறது என்று தெரியாது. அதுதான் தொல்லை.

ஆட்டத்தின் அடிப்படை

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரப்பூர்வப் போட்டியில் ஒவ்வொருவரும் ஆறு உயிர்கள் கொண்ட அணியைக் கொண்டுவர வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்த பிறகு, தம் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுப்பார்கள். களத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு இரண்டாக நின்று மோதும். நெருப்பு, நீர், மின்சாரம், பனி, நிலம், பறவை என்று மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை அணைக்கும். மின்சாரம் நீரைத் தாக்கும். நிலத்தில் மின்சாரம் எடுபடாது. சிறுவயதில் கல், கத்தரிக்கோல், தாள் விளையாடியவர்களுக்கு இது புரியும்.

அதற்கு மேல்தான் சூட்சுமம். ஒவ்வோர் உயிருக்கும் நான்கு தாக்குதல்கள்தாம் வைத்துக்கொள்ளலாம். கையில் ஒரு பொருளைக் கொடுக்கலாம். 510 பயிற்சிப் புள்ளிகளை அதன் ஆறு திறன்களுக்கும் நம் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கலாம். ஒரே திறனுக்கு 252-க்கு மேல் கூடாது. இவை எதுவும் எதிராளியின் கண்ணுக்குத் தெரியாது. உருவம் மட்டும்தான் தெரியும்.

ஆக, ஒரே புலி நான்கு வேடத்தில் வரலாம்.

முதல் வேடம், வேகம். லேண்டோரஸின் வேகத்தை முழுதாக வளர்த்தால் 157 வரும். 'சாய்ஸ் ஸ்கார்ஃப்' என்ற கழுத்துத்துணியைக் கட்டிவிட்டால் அது ஒன்றரை மடங்காகி 235 ஆகிவிடும். 167 வேகமுள்ள உயிரை வைத்துக்கொண்டு, "நான்தானே முந்துவேன்" என்று நம்பியிருக்கும் பிள்ளை, ஓர் அடிகூட அடிக்காமல் விழுந்துவிடும். ஆனால் அந்தத் துணியைக் கட்டிய உயிர், முதலில் எடுத்த தாக்குதலைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும். களத்தைவிட்டு வெளியே போய் வந்தால்தான் வேறொன்றை எடுக்கலாம்.

இரண்டாவது வேடம், கவசம். லேண்டோரஸ் நிலமும் பறவையும் கலந்த வகை என்பதால் பனித் தாக்குதல் அதற்கு நான்கு மடங்கு வலிக்கும். "பனியால் அடி" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறப்புத் தாக்குதல் திறன் 150 உள்ள ஒரு நீர்வகை உயிர் 'ஐஸ் பீம்' அடிக்கிறது. லேண்டோரஸின் உயிர்ப்புள்ளியை முழுதாக வளர்த்தால் 196. சாதாரண லேண்டோரஸுக்கு இந்த அடியின் சேதம் குறைந்தது 204. அதே இடத்தில் விழுந்துவிடும். 'அசால்ட் வெஸ்ட்' என்ற சட்டையைப் போட்டிருந்தால் அதே அடியின் சேதம் அதிகம் போனால் 164. புலி நிற்கும், திருப்பி அடிக்கும்.

மூன்றாவது வேடம், வலு. 'லைஃப் ஆர்ப்' என்ற உருண்டையைப் பிடித்திருந்தால் ஒவ்வோர் அடியும் 30 விழுக்காடு கனமாகும். பதிலுக்கு ஒவ்வோர் அடிக்கும் தன் உயிரில் பத்தில் ஒரு பங்கை இழக்கும்.

நான்காவது வேடம், பொறுமை. 'சுவோர்ட்ஸ் டான்ஸ்' என்ற வாள்நடனத்தை ஒருமுறை ஆடிவிட்டால் அதன் தாக்கும் வலு இரட்டிப்பாகும். ஒரு சுற்று அதைச் சும்மா விட்டோமென்றால் அடுத்த சுற்றிலிருந்து நம் அணி ஒவ்வொன்றாகச் சாயும்.

வேகத்துக்குச் செய்த ஏற்பாடு கவசத்திடம் பலிக்காது. கவசத்தை உடைக்கச் செய்த ஏற்பாடு வேகத்திடம் பலிக்காது. பிள்ளைகள் சோர்ந்துபோவது இங்கேதான்.

மண்டோர் சொன்ன எலிக்கணக்கு

என்னிடம் வரும் பிள்ளைகளில் படிவம் நான்கு படிக்கும் ஒரு மாணவி இருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி, வாய் பேசமாட்டாள். இணையத்தில் விளையாடி, இந்த லேண்டோரஸிடம் மட்டும் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள். பனி வகையில் ஒன்றைச் சேர்ப்பாள், தோற்பாள். அதை நீக்கி வேகமான ஒன்றைச் சேர்ப்பாள், அதிலும் தோற்பாள். அணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில், "எனக்கு இது வராது சார்" என்றாள். அந்தச் சொல்தான் எனக்கு உறைத்தது. தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் கூடுதல் கணிதத்திலும் அறிவியலிலும் இதே சொல்லைச் சொல்லித்தான் ஒதுங்குகிறார்கள். விளையாட்டில் பழகிய சொல் படிப்புக்கும் வந்துவிடும்.

வீட்டில் வேறு நெருக்கடி. எஸ்.பி.எம். நெருங்குகிறது, இந்தப் பொம்மைச் சண்டையை நிறுத்து என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார். அவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "சரி சார், ஏன் தோக்குறான்னு அவளே எனக்கு வெளங்குற மாதிரி சொல்லட்டும். அப்புறம் பார்ப்போம்" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரே உருவம், நான்கு குணம், எதற்கு எதை வைப்பது என்று தெரியவில்லை என்றாள். கேட்டு முடித்தவர் சிரித்துவிட்டார். "இது நம்ம தோட்டத்து எலிதான'ம்மா!"

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துக்குச் செம்பனை புதிதல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்குள்ள தென்னமராம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. செம்பனை வந்த இடமெல்லாம் எலியும் வந்தது. பழுத்த குலையைக் கடிக்கும். உதிர்ந்த பழத்தைத் தின்னும். இளங்கன்றின் குருத்தைக் குடையும். ஆண்பூவில் இருக்கும் வண்டுப் புழுக்களையும் விடாது. ஒரே எலிக்கு நான்கு வேலை. பல ஆண்டுகள் ஒரே வகை விஷக்கட்டியை வைத்தபோது, அதைத் தின்றும் சாகாத எலிகள் பெருகின. ஆகவேதான் தோட்டங்களில் ஆந்தைப் பெட்டிகள் வந்தன. கம்பத்தின் உச்சியில் பெட்டி வைத்தால் வெண்ணாந்தை குடியேறி இரவெல்லாம் எலி பிடிக்கும்.

"மருந்த வச்சிட்டு வீட்டுக்குப் போயிடுறதில்ல. எத்தன கட்டி தின்னிருக்குன்னு எண்ணணும். புதுக்கடியா, பழைய கடியான்னு பார்க்கணும். அப்புறந்தான் அடுத்த சுத்து" என்றார் அவர். "எலி எந்த வேலை செஞ்சாலும் ராத்திரிதான் வரும். அதுக்குத்தான் ஆந்தை."

நான் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார். எதிரியால் மாற்ற முடியாதது எதுவோ அதற்கு ஓர் ஏற்பாடு. மாற்றக்கூடியது எதுவோ அதைக் கண்டுபிடிக்க ஓர் எண்ணிக்கை.

வேடம் மாறினாலும் மாறாதவை

அன்று மாலை ஒரு தாளில் எழுதினோம். எந்த வேடத்தில் வந்தாலும் லேண்டோரஸால் மாற்றிக்கொள்ள முடியாதவை எவை?

ஒன்று, அதன் மிரட்டல். புலி உருவ லேண்டோரஸ் களத்துக்குள் வரும்போதே எதிரில் நிற்கும் இரண்டின் தாக்கும் வலுவிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்த மிரட்டலையே நமக்குச் சாதகமாக்கும் உயிர்கள் உண்டு. மிலோட்டிக் என்ற நீர்ப்பாம்புக்குப் போட்டிக் குணம் உண்டு. அதை மிரட்டினால் அதன் சிறப்புத் தாக்குதல் இரட்டிப்பாகிவிடும். மிலோட்டிக் ஐஸ் பீமும் அடிக்கும். அது எதிரில் நிற்கும்போது லேண்டோரஸை உள்ளே அனுப்ப எவரும் இரண்டு முறை யோசிப்பார்கள். கவசச் சட்டையும் அந்த இரட்டிப்பான அடிக்கு ஈடுகொடுப்பது கடினம்.

இரண்டு, 'எர்த்குவேக்' என்ற நிலநடுக்கம். ஏறத்தாழ எல்லா வேடத்திலும் அது நிலவகைத் தாக்குதலை நம்பித்தான் வரும். துணைக்குப் 'ராக் ஸ்லைடு' என்ற பாறைச்சரிவு. நிலநடுக்கம், மிதப்பவற்றைத் தொடாது. துணி துவைக்கும் இயந்திர வடிவில் இருக்கும் ரோட்டம் மிதக்கும். பாறைச்சரிவும் அதற்குச் சாதாரண அடிதான். அதன் நீர்த்தாக்குதல் லேண்டோரஸுக்கு இரட்டிப்பாக வலிக்கும். இந்த நிலநடுக்கமும் பாறைச்சரிவும் எதிரில் நிற்கும் இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்குபவை. 'வைட் கார்ட்' என்ற காப்பைச் சரியான சுற்றில் எடுத்தால் இரண்டுமே வீணாகும்.

மூன்று, அது கைகாலை நம்பி அடிக்கும் உயிர். நெருப்புச்சுடர் ஒன்றை ஏவித் தீக்காயம் உண்டாக்கிவிட்டால் அதன் அடி பாதியாகும். துணி கட்டியிருந்தாலும் சட்டை போட்டிருந்தாலும், வாள்நடனம் ஆடினாலும் இது பொருந்தும்.

இந்த மூன்றையும் எழுதி முடித்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. லேண்டோரஸைக் 'கொல்ல' ஓர் உயிரைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பதிலாக, அது சுகமாக வேலை செய்ய முடியாத அணியை அமைக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இதில் ஒரு வேறுபாடு சொல்வார்கள். சமநிலையில் எதிரெதிரே நின்றால் மட்டும் வெல்லக்கூடியது தடுப்பு. எதிரியின் அடி விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்து, அதைத் தாங்கி, பிறகும் வெல்லக்கூடியது முறியடிப்பு. பல வேடம் போடும் எதிரிக்கு முழு முறியடிப்பு அபூர்வம். இரண்டு மூன்று தடுப்புகளை வெவ்வேறு இடத்திலிருந்து வைப்பதுதான் நடைமுறை.

முதல் சுற்றில் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்தது எண்ணிக்கை. எந்த வேடம் என்பதை லேண்டோரஸே காட்டிக்கொடுக்கும். நாம் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கி இரு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது, வேகமானதன் குணம்தான் முதலில் அறிவிக்கப்படும். உங்களிடம் 167 வேகமுள்ள, நுழைந்தவுடன் குணம் வெளிப்படும் ஓர் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேண்டோரஸின் மிரட்டல் அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டால், கழுத்தில் துணி இருக்கிறது என்று பொருள். ஒரு பொத்தானையும் அழுத்தும் முன்னரே விடை கிடைத்துவிட்டது.

அடித்த பிறகு அதன் உயிர் கொஞ்சம் குறைந்தால் உருண்டை. வெளியே போகாமலேயே இரண்டு வெவ்வேறு தாக்குதலை எடுத்தால் துணி இல்லை. தற்காப்போ வாள்நடனமோ எடுத்தால் துணியும் இல்லை, கவசச் சட்டையும் இல்லை. சட்டை போட்ட உயிர் தாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. நம் அடியில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகச் சேதமானால் சட்டையைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் முக்கியமானது, கேள்வியை மலிவாகக் கேட்பது. முதல் சுற்றில் நம் முக்கிய உயிரைப் பணயம் வைத்துச் சோதிக்கக் கூடாது. ஒன்றைத் தற்காப்பில் நிறுத்தி, மற்றொன்றால் மெல்லத் தட்டிப் பார்த்தால், பெரிய இழப்பு இல்லாமல் விடை கிடைக்கும். விஷக்கட்டி எத்தனை தின்னப்பட்டிருக்கிறது என்று எண்ணுவதும் இதுவும் ஒன்றுதான்.

அந்த மாணவி ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நான்கு கட்டம் போட்டாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எந்தச் சுற்றில், எந்தத் துப்பால், எந்த வேடம் என்று தெரிந்தது, அதன்பின் என்ன செய்தாள் என்று எழுதத் தொடங்கினாள். வென்றதா தோற்றதா என்பது கடைசிக் கட்டம். இரண்டு மாதத்தில் அந்தப் புத்தகம் பாதி நிரம்பிவிட்டது. இப்போதும் தோற்கிறாள். ஆனால் "எனக்கு வராது" என்று சொல்வதில்லை. "நாலாவது சுற்றிலதான் துணின்னு கண்டுபிடிச்சேன், லேட்டு" என்கிறாள். புத்தகத்தைப் பார்த்த அவளுடைய அப்பா, சனிக்கிழமை மாலையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

சின்ன உயிரின் பெரிய வேலை

பெரிய எதிரியைப் பெரிய உயிரால்தான் சமாளிக்க முடியும் என்ற எண்ணத்தை 2014-ஆம் ஆண்டின் உலகப் போட்டி உடைத்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த அந்தப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் சே ஜுன் வெற்றியாளரானார். அவர் அணியில் இருந்த பச்சிரிசு என்ற சின்ன அணிலைப் பார்த்து அரங்கமே ஆர்ப்பரித்தது. எவரும் போட்டிக்கு எடுக்காத உயிர் அது. லேண்டோரஸின் ஆறு அடிப்படைத் திறன்களைக் கூட்டினால் 600. பச்சிரிசுவுக்கு வெறும் 405. அது யாரையும் வீழ்த்த வரவில்லை. எதிரியின் அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கூட்டாளியை நிம்மதியாக வேலை செய்யவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி லேண்டோரஸுக்கு அனுமதி இல்லை. அப்போதைய அச்சுறுத்தல் மெகா கங்காஸ்கான். ஆனால் பாடம் ஒன்றுதான்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுவதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள் அல்லவா? போக்கிமானிலும் மின்மினி உண்டு. வொல்பீட் ஆண், இல்லுமைஸ் பெண். பிள்ளைகள் ஊர்ப்பாசத்தில் இல்லுமைஸை அணியில் சேர்க்கக் கேட்டபோது, அது என்ன செய்யும் என்று ஒன்றாக உட்கார்ந்து ஆராய்ந்தோம்.

நிறையச் செய்யும். இல்லுமைஸுக்குக் குறும்புக்குணம் ஒன்று அமையலாம். அமைந்தால், நேரடியாகத் தாக்காத வித்தைகளை அது எதிரிக்கு முன்பாகவே செய்துவிடும். 235 வேகமுள்ள லேண்டோரஸும் முந்த முடியாது. 'என்கோர்' என்பது அப்படி ஒரு வித்தை. எதிரி கடைசியாகச் செய்ததையே மூன்று சுற்றுக்குத் திரும்பச் செய்ய வைக்கும். லேண்டோரஸ் வாள்நடனம் ஆடியிருந்தால், ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிலநடுக்கம் எடுத்திருந்தால் அதிலேயே மாட்டிக்கொள்ளும். இல்லுமைஸ் பூச்சிவகை, நிலத்தின் அடி அதற்குப் பாதிதான். பக்கத்தில் மிதக்கும் ரோட்டம் நின்றால் அதற்கு அடியே இல்லை. பாறைச்சரிவு மட்டும் மின்மினிக்கு ஆபத்து. அதற்கு வைட் கார்ட் தெரிந்த கூட்டாளி வேண்டும். கோல சிலாங்கூர் மின்மினி புலியைக் கட்டிப்போட்டதைப் பிள்ளைகள் முதன்முதலில் பார்த்த மாலை, மண்டபத்துக் காவலாளி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

விதி மாறினாலும் வேலை தீராது

2023-ஆம் ஆண்டுப் பருவம் முதல், அதிகாரப்பூர்வ நேரடிப் போட்டிகளில் அணி விவரத்தை எதிராளியிடம் காட்டும் முறை வந்தது. பொருள், குணம், நான்கு தாக்குதல்கள் எல்லாம் தெரிந்துவிடும். அப்படியானால் புலியின் வேடம் கலைந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பாதி கலைந்தது. பயிற்சிப் புள்ளிகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது இன்னும் மறைவுதான். மேலும் 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் ஓர் உயிர் ஆட்டத்தின் நடுவே தன் வகையையே மாற்றிக்கொள்ளலாம். லேண்டோரஸ் இரும்பாகவோ நீராகவோ மாறினால், நான்கு மடங்கு வலித்த பனி பாதியாகக்கூட வலிக்காது போய்விடும். 'பனியால் அடி' என்ற ஒற்றை மருந்தை நம்பியவர்கள் மீண்டும் மாட்டிக்கொண்டார்கள். தீக்காயமும் வைட் கார்டும் மிலோட்டிக்கும் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. 'போக்கிமான் ஷோடவுன்' என்ற இலவசப் பயிற்சித்தளம் சாதாரணக் கைப்பேசியிலும் ஓடும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதில்தான் பழகுகிறார்கள். ஓர் ஆட்டம் பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்துக்கு வரம்பு வையுங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் தடைபோடுவதற்கு முன், "ஏன் தோற்றாய், எனக்குப் புரியும்படி சொல்" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லத் தடுமாறினால், ஒரு புத்தகத்தையும் பேனாவையும் கொடுங்கள். தெளிவாகச் சொன்னால், அந்தப் பிள்ளை அங்கே வெறுமனே விளையாடிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்துகொள்வீர்கள்.